முப்பத்தோராவது நிமிடம்

படிவத்தை நிரப்பினால்தான்
ஹால் டிக்கெட் இறங்குமாம்.
இருபத்திரண்டு கேள்வி,
ஒவ்வொன்றுக்கும் ஐந்து வட்டம்,
மிகவும் திருப்தியில் தொடங்கி
திருப்தியே இல்லை வரைக்கும்.

ஹேமப்ரியா குரூப்பில் சொல்லிவிட்டாள்:
‘எல்லாத்துக்கும் நாலு போடுங்கடி,
அஞ்சு போட்டா நம்ப மாட்டாங்க.’

நாலு போட்டுக்கொண்டே வந்தேன்.

கருவி வசதி, நாலு.
போன் அண்ணனுடையது.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து
அவன் தூங்கும் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை
அது என்னுடையது.
சூப்பர்வைசர் கூப்பிட்டால்
புள்ளியியல் பாதியில் அறுந்துவிடும்.
கட்டத்தில் அவன் பெயர்தான் வரும்.
‘சாலமோன், வந்தாச்சா?’ என்பார் சார்.
‘வந்துட்டேன்’ என்று டைப் அடிப்பேன், பெனினாவாகிய நான்.

கற்கும் சூழல், நாலு.
மே மாதக் குடியாத்தம், தகரக் கூரை.
போன் கொதித்துப்போய்
ஆறும்வரை இயங்க மாட்டேன் என்று எழுதிக் காட்டும்.
அம்மா பீடி இலை சுற்றிவைக்கும் ஈரத்துணியை எடுத்து
அதைச் சுற்றித் தண்ணீர்க் குடத்தருகே கிடத்துவேன்,
ஜுரக் குழந்தையைப் போல.
இலை காய்ந்தால் கூலி குறையும்.
அம்மா பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள்.

ஒன்பதாம் கேள்வி:
நேரடி வகுப்போடு ஒப்பிடுகையில்?

விரல் நின்றது.

ப்ளஸ் டூ வரைக்கும் நேரடியாகத்தான் இருந்தேன்.
எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு
பெஞ்சைக் காட்டினார்கள்.
புரியலை என்று ஒரே ஒருமுறை எழுந்து நின்றேன்.
அந்தச் சிரிப்பு
மணி அடித்த பிறகும் உட்காரவில்லை.

இங்கே அறுபத்து மூன்று கறுப்புக் கட்டங்கள்.
எது கடைசி வரிசை என்று
கட்டங்களுக்கே தெரியாது.

பதிவில் ஞானசிகாமணி சாரை நிறுத்தலாம்,
பின்னால் இழுக்கலாம்.
திட்ட விலக்கத்தைப் பதினோரு முறை
சொல்ல வைத்திருக்கிறேன்.
பதினோராவது முறையும் அவருக்குக் கோபம் வரவில்லை.
அப்படியொரு பொறுமையை
உயிரோடு எதிரில் நின்ற எவரிடமும்
நான் கண்டதில்லை.

மூன்று போட்டேன். அழித்து ஐந்து.
பிறகு ஹேமப்ரியாவை நினைத்துக்கொண்டு நாலு.

ஆனால்
அதே பதிவின் முப்பத்தோராவது நிமிடத்தில்
சார் இருமத் தொடங்குவார்.
‘ஒரு நிமிஷம்’ என்பார்.
பிளாஸ்டிக் நாற்காலி தேயும் சத்தம்,
சொம்பு, தண்ணீர்,
காட்பாடிப் பக்கம் போகிற ஏதோ ரயில்.
திரும்பி வந்து
கணக்கை விட்டுவிட்டுக் கேட்பார்:
‘யாராவது இருக்கீங்களா?’

அன்றைக்கு நான் இருந்தேன்.
மைக் பொத்தான் கட்டைவிரலுக்கு
ஒரு நெல்மணி தூரத்தில் இருந்தது.
இன்னும் அறுபத்திரண்டு பேர் இருக்கிறார்களே,
யாராவது சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன்.
அறுபத்திரண்டு பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.
ஏழு விநாடி. எண்ணியிருக்கிறேன்.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு
‘சரி, அடுத்த ஸ்டெப்’ என்றார்.

பதினோரு முறை கேட்டிருக்கிறார்.
பதினோரு முறையும்
நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டாம் கேள்வி, பிற கருத்துகள்.
இருநூற்றைம்பது எழுத்துக்குள்.

‘சார், நான் சாலமோன் இல்லை’ என்று தொடங்கினேன்.
அழித்தேன்.
‘இருமல் எப்படி இருக்கு சார்?’
பெயர் கேட்காத படிவத்தில் அதை
யார் கேட்டதாக அவர் நினைப்பார்?
அதையும் அழித்தேன்.
‘ஒலி தெளிவாக உள்ளது’ என்று எழுதி அனுப்பினேன்.

நன்றி என்றது. ஹால் டிக்கெட் இறங்கியது.
தேர்வு மையம் வேலூர், காலை பத்து மணி.
பதினொன்றாக இன்னும் பத்து நிமிடம்.
பதிவைத் திறந்து நேராக
முப்பத்தொன்றுக்குத் தள்ளினேன்.

நாற்காலி, சொம்பு, ரயில்.

‘இருக்கேன் சார்,’ என்றேன்,
வாய்விட்டு.

அண்ணன் புரண்டு படுத்து,
கண்ணைத் திறக்காமலே கேட்டான்:
‘யாருகூட பேசுற?’