குனியச் சொல்லும் வாசல்

ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில் எனக்கு வேலை.
எண்பது மீட்டர் ஏணி,
இடுப்பில் கொக்கி,
உச்சியில் மூடியைத் தள்ளித் திறந்தால்
தலைக்குமேல் யாரும் இல்லை.
உயரம் என்னை ஒன்றும் செய்ததில்லை.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு
மருந்துவாழ் மலைக்குப் போவோம் என்றாள் பெர்ப்பெத்துவா.
பொற்றையடியில் வண்டியை நிறுத்தினோம்.
இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு சீப்பு மட்டிப்பழம்.
"லீவு நாளும் ஏறணுமா?"
"அங்க நீங்க ஏறுறது சம்பளத்துக்கு."

படி முடிந்து பாறை தொடங்கியது.
முழங்காலில் உரசிய புல்லைக் கசக்கி
எலுமிச்சை வாசம் என்று நீட்டினாள்.
ஸ்பீக்கரில் பாட்டோடு எங்களை முந்திய பையன்கள்
பாதி வழியில் உட்கார்ந்து
மூச்சைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.
ஒரு குரங்கு தன் பங்குப் பழத்தை
எண்ணி எடுத்துக்கொண்டு போனது.

குகை என்றால் பெரிதாக நினைத்திருந்தேன்.
பாறையின் அடிவயிற்றில் ஒரு கீறல், அவ்வளவுதான்.
செருப்பை என் கையில் தந்து
துப்பட்டாவை இடுப்பில் இறுக்கினாள்.
கடைசியாகக் குதிகால் தெரிந்தது.

நானும் தலையை நுழைத்தேன்.
தோளுக்கு மேல் மலை.
முழு மலை.
விட்ட மூச்சு கல்லில் பட்டு
என் முகத்துக்கே வந்தது.
வௌவால் நெடி.
கொக்கி மாட்ட அங்கே ஒன்றுமில்லை.
பின்னால் நகர்ந்து வெளியே விழுந்தேன்.

"வாங்க, ஒண்ணுமில்ல."
அவள் குரல்தான்.
கல் அதைத் தேய்த்து
முன்பின் தெரியாத ஒருத்தியின் குரலாக அனுப்பியது.
பிறகு அதுவும் இல்லை.

நின்றேன்.
தெற்கே கடல். அதைப் பார்க்கவில்லை.
வடக்கே வயலும் தென்னையும் தாண்டி
வெள்ளைக் குச்சிகளாய் என் காற்றாலைகள்.
எண்ணினேன்.
ஏழாவது சுற்றவில்லை.
வெள்ளிக்கிழமை நான் ஏறியது,
சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டது.

கையில் கனமில்லாத செருப்பு.
இடது காலில் வார் அறுந்து
ஊக்கு குத்தியிருந்தது.
ஊக்கிலும் துரு.

முழங்கையில் சிராய்ப்போடு, முடியில் நூலாம்படையோடு
ஊர்ந்து வெளியே வந்தாள்.
முகம் மட்டும் கழுவியதுபோல் இருந்தது.
"உள்ளே என்ன?"
"போய்ப் பாருங்க."
செருப்பை வாங்கும்போது
நான் ஊக்கைப் பார்த்ததைப் பார்த்தாள்.

இறங்குகையில் அவள் முன்னால்.
கால் வைக்கும் இடமெல்லாம்
எனக்குக் கேட்டது.
வண்டியை எடுக்கும்போதுதான் வாய் வந்தது:
கொட்டாரத்தில் செருப்புக்கடை திறந்திருக்குமா?

இன்னைக்கு ஞாயிறு, என்றாள்.