உதறின சட்டை

சுத்தமல்லி விலக்கிலிருந்து கல்லூர் வரைக்கும்
ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தெரிகிற சாம்பல் கூரைகளில்
பாதிக்கு ஓட்டை போட்டவன் நான்.
ஜே போல்ட்டு, தார் வாஷர், ஒரு பீடி, அடுத்த வீடு.
ஆனிக் காற்றில் என் ஷீட்டு பறந்ததென்று
இதுவரை ஒருத்தரும் வந்து நின்றதில்லை.

மெஷின் தொட்டதும் மாவு கிளம்பும்.
அதையே மூன்று விரலில் தொட்டு
நெற்றியில் பட்டை இழுத்துக் காட்டினான் வெள்ளப்பாண்டி ஒருநாள்.
சாரத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தோம்.

சாயந்திரம் முப்பிடாதி சட்டையைக் கழற்றி வாங்குவாள்.
முருங்கை மரத்தடியில் நாலு உதறு.
மேற்கே இறங்குகிற வெயிலில்
அவள் முகத்துக்கு முன்னால் அது பொன்னாக மிதக்கும்.
அழகாகத்தான் இருந்தது,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

இருபத்திரண்டு வருசம்.
நாளுக்கு நாலு உதறு.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
படத்தை வெளிச்சத்தில் பிடித்த டாக்டரம்மா
என்னைத்தான் பார்த்தார்.
படம் அவளுடையது என்றேன்.
"எங்கம்மா வேல பாத்தீங்க?"
"எங்கயும் இல்ல. வீட்லதான். துணி தொவைப்பேன்."
"யாரு துணி?"
நான் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன்.

கண்ணுக்குத் தெரியாத நாராம்.
பஞ்சு மாதிரி மெலிசு, ஆனால் கல்.
உள்ளே போனது திரும்பாது,
இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.
எனக்கு எழுதித் தந்த மருந்து அவ்வளவுதான்.

மெஷினை விற்றுவிட்டேன்.
இப்போது கைரம்பம், ஒரு குடம் தண்ணீர்.
ஷீட்டு நனைந்து கறுத்த பிறகுதான் பல்லு வைப்பேன்.
வேடிக்கை பார்க்க வருகிற பிள்ளைகளைத் தெருமுனைக்கு விரட்டுவேன்.
விழுந்த தூளை விளக்குமாறு தொடக்கூடாது,
ஈரத்துணியில் ஒற்றி, துணியோடு சேர்த்துப் பையில் கட்டுவேன்.
முகத்தில் துண்டு போதாது என்றார்கள்,
கிண்ணம் மாதிரி ஒன்று கட்டுகிறேன்.
அதோடு பீடி குடிக்க முடியாது. நல்லதுதான்.

"என்னவே, ஷீட்ட குளிப்பாட்டுதீரு?"
பொன்னுலிங்கம் அண்ணாச்சி கேட்பார்.
"சனிக்கிழமைல்லா அண்ணாச்சி."

தகரம் போடலாமே என்று சொல்லிப் பார்ப்பேன்.
சுடும் என்பார். மழைக்குச் சத்தம் என்பார்.
கடைசியில் துட்டு என்பார்.
துட்டுதான் நிஜம்.
போட்டதைத் துளைக்காமல், உரசாமல்
அப்படியே விட்டுவையும் என்று இறங்கி வருவேன்.

சட்டை வேலைத்தலத்திலேயே வாளிக்குள் முங்கிவிடும்,
ஈரமாகவே வீடு வரும், தனியாக நானே அலசுவேன்.
போன வாரம் கொடியில் காய்ந்ததை எடுத்தாள் முப்பிடாதி.
பழக்கத்தில் கை மேலே ஓங்கியது.
நின்றது.
இருமல் முடியும்வரை அப்படியே பிடித்திருந்து
பிறகு மடித்தாள்.

உடைந்த ஷீட்டைக் கோழிக்கூண்டுக்குக் கேட்டாள்
பக்கத்து வீட்டுப் பரமகல்யாணி.
தரவில்லை. பேச்சு நின்று ஒரு மாதம்.
"கொளத்தங்கரையில தட்டிட்டுப் போங்க"
என்றார்கள் பஞ்சாயத்து ஆபீசில்.
அதே குளத்தில்தான் அவர்கள் வீட்டு எருமையும் குளிக்கிறது.

நனைத்து, இரட்டைப் பையில் கட்டி,
தார்ப்பாய்க்குக் கீழே எட்டு மூட்டை கிடக்கிறது.
எங்கே கொடுப்பதென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.
அதுவரைக்கும்
அதன்மேல் யாரும் உட்காராதீர்கள்.