ஈரமானால் கடக்க இயலாது

தார் முடிகிற இடத்தில் ஒரு பலகை.
ஈரமானால் கடக்க இயலாது.
யாரோ அதில் ஐந்து முறை சுட்டிருக்கிறார்கள்.
ஓட்டைகள் வழியே யூட்டாவின் வானம்.

ஓட்டுவது நான்.
லவார் பக்கத்தில், மடியில் பிளாஸ்க்.
மார்ச்சில் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து
அந்த இருக்கை அவருக்குப் பழகவே இல்லை.
கண்ணின் நடுவில் காசளவு இருட்டாம்.
எதைப் பார்க்கிறாரோ
அதன் மேலேயே அந்தக் காசு விழுகிறதாம்.
ஓரங்கள் மட்டும் மிச்சம்.

"இப்போது இரும்புக் கம்பிகள்" என்கிறார்.
தடதடவென்று பல்லெல்லாம் ஆடுகிறது.
"இடப்பக்கம் ஒதுங்கு, மணல்."
மணல்.
"பிரேக்கைத் தொடாதே."
தொட்டுவிட்டேன்.
வண்டி ஒருக்களித்து நின்று, யோசித்து, கிளம்பியது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
பிளாஸ்கின் மூடியைத் திருகித் திருகி மூடினார்.

நாற்பத்தோரு வருடம்
மாடுகளுக்கு உப்புக்கட்டி ஏற்றிப் போன பாதை
அவர் இடுப்பெலும்பில் கிடக்கிறது.
எனக்கு ஒவ்வொரு வளைவும்
இன்னும் புகுந்த வீடுதான்.

ஓடையில் தண்ணீர் இல்லை, அதன் கோபம் மட்டும்:
பிடுங்கி எறிந்த ஒரு பருத்திமரம்,
கதவில்லாத யாருடைய ஃபிரிட்ஜோ.
பிறகு ஏற்றம்.
முதல் கியரில், சிவப்புப் புழுதி நாக்கில் கரிக்க,
ஜூனிப்பர்கள் ஜன்னலைக் கீறக் கீற,
ஒரு பக்கச் சக்கரங்களுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று
நான் பார்க்கவில்லை.
அவர் சொல்லிக்கொண்டே வந்தார், அது இன்னும் மோசம்.

மேசைமலையின் தலை தட்டை.
யாரோ சாப்பிட்டு எழுந்துபோன மேசை.
வேலி இல்லை, எச்சரிக்கை இல்லை,
பாறை முடிகிறது, அவ்வளவுதான்.
கீழே ஆறு தன்னையே மடித்துப்போட்டுக்
காய்ந்துகொண்டிருக்கிறது.

"இத்தனை வருடத்தில்
ஒருமுறைகூட இங்கே இறங்கியதில்லை" என்றார்.
"எப்போதும் ஒரு கன்று குறையும்."

இறங்கினார்.
என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.
தானியத்தைப் பார்க்கும் கோழிபோல்
தலையை ஒருபக்கம் சாய்த்தார், பிறகு மறுபக்கம்.
காசைத் தள்ளிவைக்க அதுதான் வழி.
அந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க
அவர் என்னைப் பார்க்க வேண்டியிருந்தது.

வெகுநேரம் பார்த்தார்.
என் தலைமுடியைக் காற்று என்னவோ செய்தது,
நான் ஒதுக்கிவிடவில்லை.

மேற்கே மழை தொங்கிக்கொண்டிருந்தது,
தரையைத் தொடாமல், சாம்பல் நிற ஈரத்துணியாக.
நான் சொல்லவில்லை.
அவர் மூக்கு சொல்லிவிட்டது.
"வெர்லீன், இப்போதே கிளம்பினால்
களிமண் சோப்பாவதற்குள் ஓடையைத் தாண்டிவிடலாம்."

சாவி என் கையில் இருந்தது.
கையிலேயே இருந்தது.

முதல் துளி பானெட்டில் விழுந்து சுருங்கியது.
அப்புறம் ஒன்று. அப்புறம் எண்ணவில்லை.
"வேண்டுமென்றே செய்தாய்" என்றார், கதவை மூடியபடி.
எங்களிடம் ஒரு போர்வை இருந்தது,
இரண்டு டப்பா பீச் பழம்.
திறப்பானை வீட்டில் விட்டுவிட்டிருந்தோம்.