முதலாளியின் இரவுச் சாப்பாடு

இரண்டு வருடமாகக் கைப்பேசியில் மட்டுமே
சேர்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள்.
ஒருத்தர் தட்டை இன்னொருத்தருக்குப் படமாக அனுப்பி,
யாரோ பறந்த முதல் வகுப்பின் விலையை
நாலு பேருமாக வியந்து.
இன்றைக்குத்தான் எல்லாருக்கும் கால் முளைத்தது.
பத்து பெரிங்கி, கடலோர மாமாக் கடை,
ஒரு கால் குட்டையான மேசை.
டிஷ்யூவை மடித்து அடியில் செருகியவர் முகுந்தன்.
குரலை வைத்து
அவரை உயரமானவர் என்று நினைத்திருந்தேன்.

முதல் அரைமணி கூச்சம்.
'சாப்பிட்டாச்சா' என்று எழுதியே பழகியவர்கள்
நேரில் அதைக் கேட்க முடியவில்லை,
தட்டு எதிரிலேயே இருந்தது.

பிறகு கடலில் அந்த வெளிச்சம்.
வெள்ளை வெளேரென்று, நகராமல்.
"சொகுசுப் படகு," என்றாள் நளாயினி.
"லங்காவி போற ஆளா இருக்கும். சாப்பிடுற நேரம்."
"என்ன சாப்பிடுவார்?"

ஹொக்கைடோ நண்டு என்றாள் ஜொஹரா.
காலையில் பிடித்தது, மதியம் விமானத்தில் வந்தது,
நண்டுக்குத் தனி இருக்கை, ஜன்னலோரம்.
சமையல்காரர்?
பிரெஞ்சுக்காரர்.
அவருக்கு ரசம் வைக்கத் தெரியுமா?
தெரியாது.
"பாவம்," என்றோம்,
முதலாளிக்காக நாங்கள் பட்ட முதல் பரிதாபம்.

வீடு லண்டனில் ஒன்று, பெர்த்தில் ஒன்று,
கேஎல்லில், மொன்ட் கியாராவில்
சும்மா பூட்டிக் கிடப்பது ஒன்று.
"அதுக்கு மாசம் மெயின்டனன்ஸ் எவ்வளவு தெரியுமா?"
கேட்டது நான். எனக்குத் தெரியும்.
பாக்கி வைத்தவர்களுக்குக் கடிதம் அடிப்பது
என் வேலை.
அதை மட்டும் சொல்லவில்லை.

முகுந்தன் அவருக்கு ஒரு குறை வைத்தார்:
போகிற விமான நிலையத்திலெல்லாம் பெட்டி தொலையும்.
துபாயில் பதினோரு வருடம்
பெட்டி தேடிக் கொடுத்தவர் அவர்.
"கத்துறவன் பெட்டியில துணிதான் இருக்கும்.
சத்தமில்லாம ஓரமா நிப்பான் ஒருத்தன்,
அவன் பெட்டியைத்தான் முதல்ல தேடுவேன்."
எங்கள் முதலாளி
எந்த ரகம் என்று அவர் சொல்லவில்லை.

ஜொஹரா கவுட் வலியைக் கொடுத்தாள்,
அவ்வளவு நண்டு தின்றால் பின்னே?
வாதாடிப் பார்த்தோம்.
வலதுகால் பெருவிரலோடு நிற்கட்டும் என்று முடிவானது.

நளாயினி அவருக்குத் தூக்கம் கொடுத்தாள்.
எட்டு மணிநேரம், திரைச்சீலை இழுத்துவிட்டு,
அலாரம் இல்லாமல்.
"வீட்டை வேணும்னா புடுங்கிக்கங்க,
தூக்கத்துல யாரும் கை வைக்காதீங்க."
நாளை மாலை ஆறே காலுக்கு
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்
அவள் வாசலில் வந்து நிற்கும்.

மேசை துடைக்க வந்த தம்பி
நாங்கள் பார்த்த திசையில் பார்த்தான்.
"அது கணவாய் போட்டுண்ணே.
லைட்டு போட்டா மேல வரும்."
பிறகு எங்கள் தட்டைக் காட்டினான்:
"இது நேத்து வந்தது."

சம்பலில் இரண்டு துண்டு மிச்சம்.
கொஞ்ச நேரம் யாரும் எடுக்கவில்லை.

"அப்ப பெட்டி?" என்றார் முகுந்தன்.
பெட்டி இருக்கட்டும்.
கால்வலி?
ஈரத்தில் நிற்கிற கால், அதுவும் இருக்கும்.
தூக்கம் என்று யாரும் கேட்கவில்லை.
நளாயினி அந்த வெள்ளையையே
கண் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
தினமும் அதன் கீழ் உட்காருகிறவள் மாதிரி.

பில் எழுபத்தெட்டு வெள்ளி நாற்பது காசு.
தலைக்குப் பத்தொன்பது அறுபது.
முகுந்தன் மட்டும் ஐந்தால் வகுத்து
பதினைந்து அறுபத்தெட்டு என்றார்.
"அந்த ஆளும் இவ்வளவு நேரம்
நம்மகூடத்தானே உட்கார்ந்திருந்தார்."

அவர் பங்கை நான் போட்டேன்.
பாக்கிக்கு ஒரு கடிதம் அடித்துவிடலாம்,
விலாசம்தான் தெரியவில்லை.