நாலு கிலோ

கட்டபெட்டில் நேற்று மூன்று முறை கரண்ட் போனது.
மூன்றாம் முறை திரும்பி வந்தபோது
கம்ப்யூட்டர் எழவில்லை.

எண்பது ஜிபி. மூடிய ஃபேக்டரி ஏலத்தில்
மேசை, இரண்டு நாற்காலி, முள் உடைந்த தராசு
எல்லாவற்றோடும் ஒரே விலைக்கு வந்தது.
காதை வைத்துக் கேட்டேன்.
டக். டக். கொஞ்சம் யோசனை. மறுபடி டக்.

புதுசு வாங்கிடுங்க என்கிறான்
ஊட்டியில் கடை வைத்திருக்கும் அல்போன்ஸ்.
வாங்கலாம்.
பச்சை இலை கிலோ பதினாலு ரூபாய்க்குப் போகிற மாதத்தில்
அதை யாரிடம் போய்ச் சொல்ல?

குளிருக்குச் சுழல மறுத்தது.
கழற்றி, மஃப்ளரில் சுற்றி,
அரைமணி நேரம் மடியில் வைத்திருந்தேன்
அடைகாக்கிறவன் மாதிரி.
யாரும் பார்க்கவில்லை.
பிறகு சுழன்றது.

கறுப்புத் திரையில் எண்கள்.
முப்பத்தேழு சதவீதம் வரை
வழுக்கிக்கொண்டு போய்
அங்கே நின்றது.
ஒரே கதவைப் பதினாறு தடவை தட்டுகிறது.
நிறுத்திவிட்டேன்.
கெட்ட இடத்தைக் கிளறக் கிளற
பக்கத்து இடமும் கெடும்.
சரிந்த மேட்டில் ஜேசிபி விட்டவர்களைக் கேளுங்கள்.

கோத்தகிரிப் பாதையில் மண் விழுந்தால்
மேட்டுப்பாளையத்தில் யாரும் உட்கார்ந்துவிடுவதில்லை.
குன்னூர் வழியாக ஏறி
பின்பக்கமாக ஊர் வந்து சேர்வோம்.
கடைசியிலிருந்து படித்துக்கொண்டு வா என்றேன்.
நூறு, தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றெட்டு...
இரண்டு தேநீர், ஒரு வறுக்கி,
விடிகாலை மூன்று மணி.
நாற்பத்து நான்கில் நின்றது.
இந்தப் பக்கம் முப்பத்தேழு.
அந்தப் பக்கம் நாற்பத்து நான்கு.
நடுவில் மூட்டம்.

மூட்டத்துக்குள் போனது
ஜோகியின் ஜூன் மாதம்.
பதினொன்றாம் தேதிவரை இருக்கிறது.
இருபத்து மூன்றிலிருந்து இருக்கிறது.
இடையில் கேள்விக்குறிகளும்
எந்த மொழியிலும் சேராத எழுத்துகளும்.

காலையில் இலை மூட்டையோடு வந்தார்.
பதினொரு நாள் காணோம் என்றேன்.
சத்தம் போடுவார் என்று நினைத்திருந்தேன்.
மூட்டையை இறக்கிவிட்டு விரல் விட்டார்:
பன்னிரண்டு, மழை.
பதிமூன்று, இருபத்தாறு கிலோ.
பதினாலு, ஹட்டியில் சாவு, யாரும் கை வைக்கவில்லை.
பதினைந்து, கீழ்ப்பாத்தியில் காட்டெருமை படுத்திருந்ததே,
அன்றைக்கு ஒன்பதுதான்.
பதினாறு...
வானத்தைப் பார்த்தார்.
பதினாறுக்கு வீட்டில் கேட்கணும்.

கெப்பி போனில் சொன்னாள்: பதினெட்டு.
உடனே, இல்லை இல்லை, பதினாலு.
மிச்சம் தங்கச்சி பறித்தது,
எங்களுடையது இல்லை.
மற்ற நாட்களை
இருவரும் சண்டை போட்டுக்கொண்டே முடித்தார்கள்.

லாரிச் சீட்டு மட்டும் காகிதம்.
அதன் கூட்டுத்தொகையில்
நாலு கிலோ அதிகம் இருக்கிறது.
பதினெட்டு என்றே எழுதிக்கொள்ளட்டுமா என்றேன்.
சொன்னாளே, எங்களுடையது இல்லை என்று,
என்றார் ஜோகி, கொஞ்சம் எரிச்சலாக.
தங்கச்சிக்கு இங்கே கணக்கே கிடையாது.
கல்யாணமாகி மஞ்சூர் பக்கம் போய்விட்டாள்.

மாலையில் டிரைவைக் கூறு போட்டேன்.
முன்னால் ஒரு பாகம்.
பின்னால் ஒரு பாகம்.
நடுவிலுள்ள ஆறு ஜிபியை
யாருக்கும் பட்டா போடவில்லை.

நாலு கிலோவுக்குத் தனி வரி.
பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் ஏற்காது,
ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

இப்போது டக் சத்தம் இல்லை.
அதுதான் பயமாக இருக்கிறது.

அல்போன்ஸை அழைத்து
புதுசு என்ன விலை என்று கேட்டேன்.
சொன்னான்.
வைத்துவிட்டேன்.
கடைக்குப் போய்
நூற்றுத் தொண்ணூறு பக்க நோட்டு ஒன்று
வாங்கிக்கொண்டு வந்தேன்.