இரண்டாம் பூச்சு

ஜாலான் ஈப்போவில் பெயிண்ட் கடை.
கலக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் என் நாற்காலி.
வெள்ளை கேட்டு வருபவர்களிடம்
எந்த வெள்ளை என்று கேட்பது என் வேலை.
உப்பா, சுண்ணாம்பா, ஆறிய சோறா?
போன வாரம் புவான் ரொஹாயு
நாற்பது வெள்ளையைப் புரட்டிவிட்டு
எல்லாம் ஒன்றுதானே என்றார்.
இரண்டு அட்டைகளை ஒட்டி வைத்தேன்.
ஒன்று சட்டென்று அழுக்கானது.
தனியாக இருந்தவரை அதற்கும் குறையில்லை.

செதாப்பாக்கில் பதினோராவது மாடி எங்கள் வீடு.
படுக்கையறைக்கு ஒரே சன்னல், மேற்குப் பார்த்தது.
தவசீலனுக்கு எல்ஆர்டி தண்டவாளத்தில் வேலை,
ரயில்கள் தூங்கும் நேரத்தில்.
நான் கடைக்குக் கிளம்பும்போது
அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருப்பான்.
கட்டில் ஒன்றுதான். அதற்குச் சூடு ஆறவே நேரமில்லை.

பகலில் உறங்கும் கண்ணுக்குக் குளிர்ந்த நிறம் வேண்டும்.
இரவெல்லாம் ஆரஞ்சு அங்கிகளையே பார்த்தவன்
இமையை மூடினால் உள்ளே நீலம் தானாக மிதக்கும்.
நிறச் சக்கரத்தில் ஆரஞ்சுக்கு எதிர்வீடு நீலம்.
அந்த நீலத்தையே சுவருக்கும் கொடுத்தால்
கண் எங்கே முடிந்தது, சுவர் எங்கே தொடங்கியது என்று
தெரியாமல் தூங்கிவிடுவான்
என்று கணக்குப் போட்டேன்.

ஐந்து லிட்டர் அடிவெள்ளையில்
நீலம் பதினெட்டுச் சொட்டு, கறுப்பு நான்கு,
மனசு கேட்காமல் சிவப்பு அரை.
பெயரில்லாத டின்னைத் தவுக்கே வெளியே விடமாட்டார்.
மூடியில் 'சாம்பல் நீலம்' என்று எழுதினேன்.
கனத்த திரைத்துணியும் வாங்கினேன், தள்ளுபடியில்.

அவனுடைய ஓய்வுநாள் இரவு, விளக்கைப் போட்டு
முதல் பூச்சை இருவருமாக அடித்தோம்.
மறுநாள் காலை நான் கடையில்.
இரண்டாம் பூச்சு அவன் மட்டும்.

ஒரு வாரம் கழித்துக் கேட்டேன், நீலம் எப்படி?
"பச்சை நல்லாத்தான் இருக்கு."

நீலம் என்றேன். பச்சைதான் என்றான்.
தூக்கக் கலக்கம் என்றேன். சிரித்தான்.
அட்டையைக் காட்டினேன். சூத்திரத்தைக் காட்டினேன்.
பதினெட்டுச் சொட்டு, என் கையால், என்றேன்.
கடைசியில் கண்ணனையே இழுத்தேன்:
ஒரே சாமியைப் பச்சை என்றும் நீலம் என்றும்
கறுப்பு என்றும் பாடிவிட்டு
ஒருநாளும் கூச்சப்படாத மொழி நம்முடையது,
அதற்காக மன்னித்தேன், போ.
அதற்கும் சிரித்தான்.
இப்படி எட்டு மாதம்.

நேற்று எனக்குக் காய்ச்சல். விடுப்பு.
ஒன்பது மணிக்கு விழித்தேன்.
பக்கத்தில் அவன், வாயைத் திறந்தபடி.
திரை இழுக்கப்படாமல் ஓரத்தில் கிடந்தது.
எதிர் பிளாக்கின் மாம்பழ மஞ்சள் சுவரில்
வெயில் முழுசாக இறங்கியிருந்தது.
அங்கே பட்டு, கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி,
யாரோ காயப்போட்ட பள்ளிச் சீருடையைத் தாண்டி
எங்கள் சன்னலுக்குள் வந்துகொண்டே இருந்தது மஞ்சள்.

நாலு சுவரும் பச்சை.
கொய்யா இலையைத் திருப்பினால் தெரியுமே,
அந்தப் பச்சை.
அவன் முகத்தில்கூடக் கொஞ்சம்.

கடையின் குழல்விளக்கில் கலந்தேன்,
வீட்டு விளக்கில் பார்த்தேன்.
வெளிச்சம் பார்க்காமல் நிறம் பேசாதே என்று
வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறவள் நான்.

கட்டிலுக்கு அடியில் மிச்ச டின்னை
சத்தமில்லாமல் இழுத்தேன்.
மூடியில் என் எழுத்து, சாம்பல் நீலம்.
அதற்குக் கீழே பென்சிலில், அவனுடைய கோணல் எழுத்தில்,
'காலையில் பச்சை'.
அதன்மேல் பெயிண்ட் ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருந்தது.
அப்படியென்றால்
இரண்டாம் பூச்சு அன்றைக்கே எழுதியிருக்கிறான்.

எழுப்பவில்லை. மாத்திரை வாங்கக் கீழே இறங்கினேன்.
லிஃப்டில் புது நோட்டீஸ்:
எதிர் பிளாக்குக்கு அடுத்த மாதம் பெயிண்ட் அடிக்கிறார்களாம்.
என்ன நிறம் என்று போடவில்லை.
டெண்டர் யாருக்குப் போகிறது என்று
தவுக்கேயிடம் கேட்கவேண்டும்.
அந்த மஞ்சளின் சூத்திரத்தை
இன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.