ஐந்து ரூபாய் முகம்

தபால்தலை வந்துவிட்டது தருவைநாதனுக்கு,
செத்து முப்பத்தோரு வருடம் கழித்து.
விலை ஐந்து ரூபாய்.

இசக்கிராஜின் மச்சான் லீவு முடிந்து வரும்போது
ஊறுகாய்க்கும் நெத்திலிக்கும் நடுவில் வைத்து
பன்னிரண்டு கொண்டுவந்தான், ஒரே தாளாக,
ஓரத் துளை ஒன்றுகூடக் கிழியாமல்.
உப்பளத்து ஆட்களின் தலைவர்,
கருவாடு மணத்தால் தப்பில்லை என்றோம்.

மங்காஃப் கேம்பின் பதினாலாம் அறையில்
கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம்.
வழித்துவிட்ட முகம், படிய வாரிய தலை,
முதுகுக்குப் பின்னே வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரம்.
சுடலைமணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"நல்லாத்தான் இருக்கு.
ஆனா இது யாரு?"

இடது காது முழுசாக இருந்தது.
கூலி கேட்ட வருஷம்
தடியடியில் பாதி போன காது.
மேடையேறினால் அந்தப் பக்கத்தைத்தான்
கூட்டத்துக்குக் காட்டி நிற்பாராம்.
டெல்லியில் யாரோ ஒரு ஓவியர்
நல்ல மனசோடு
தைத்துக் கொடுத்துவிட்டார்.

இந்த நாட்டில் கூட்டம் போடக் கூடாது.
கொடி, கோஷம், மைக், எதுவும் கூடாது.
பிறந்தநாள் கொண்டாடலாம்.
ஃபஹாஹீல் ஓட்டல் மாடியில்
பிறந்தநாள் என்று சொல்லி இடம் பிடித்தோம்.

தின்கிற தாளில் தபால்தலையைப் பெரிதாக அச்சடித்து
ரெண்டு கிலோ கேக்கின் மேல் ஒட்டி
நாலு ஓரமும் பல் பல்லாகக் கிரீம் வைத்தாள்
பேக்கரியில் மரிசெல்.
"உங்களில் யாருக்கு அப்பா?"
பதினோரு பேர் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
"வயசு?"
நூறு, என்றான் இசக்கிராஜ். அது பொய்யில்லை.
சிலுவை போட்டுக்கொண்டு
மெழுகுவத்தி ஒன்று சும்மா தந்தாள்.

வேன் சிக்னலை நெருங்க
தண்ணீர் லாரி குறுக்கே பாய
பிரேக்.
பெட்டி சரிந்தது.
திறந்தால், இடது காதின் மேல்பாதி
மூடியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.
தலையில் கைவைத்து உட்கார்ந்தான் இசக்கிராஜ்,
ஆளுக்கு ரெண்டு தினார் வாங்கியிருந்தான்.
சுடலைமணி குனிந்தார்.
ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.
"இப்பம் சரி."

கத்தி எடுத்தவன் யாரும் முகத்துக்குப் போகவில்லை.
முதலில் உப்பு அம்பாரம் போயிற்று,
பிறகு வானம், பாரதம் என்ற எழுத்து,
ஐந்து, பக்கத்தில் ரூபாய்க் குறி.
எனக்குக் கிடைத்தது வேட்டிக்கரைத் துண்டு ஒன்று.
தட்டின் நடுவே தீவு மாதிரி மிஞ்சினார் தலைவர்,
வெட்டினால் பாவம், வீசினால் அதைவிட.

அந்த முகத்தைக் கேம்புக்குக் கொண்டுவந்து
குபூஸ் கட்டுக்கும் எவனோ ஒருவனின் இன்சுலினுக்கும் இடையில்
பிரிட்ஜில் கிடத்தினோம்.
"தொடாதே" என்று சீட்டு எழுதியது நான்தான்.
அப்புறம் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

காலையில் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

நைட் டூட்டி முடிந்து மூன்று மணிக்கு வந்தவன் கலியமூர்த்தி.
கடலூர்க்காரன், எதிர்க்கட்சி.
தேர்தல் வந்தால் அவனோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.
இசக்கிராஜ் சட்டையைப் பிடித்துவிட்டான்.
கட்டிலிலிருந்து பாதி எழுந்த வாக்கில்
அவன் சொன்னான்:
"இருட்டுல முகம்னு தெரியலண்ணே.
பசி."

பிடித்த கை தானாக விட்டது.
சுடலைமணி மேல் கட்டிலில்
சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.

என் பங்குத் தபால்தலை
போன் உறைக்குள், பத்தாக்காவுக்குப் பின்னால் இருக்கிறது.
இங்கிருந்து ஒரு கடிதத்தையும் அது நகர்த்தாது,
கடிதம் எழுதுகிறவனும் நானில்லை.
நேற்று நகவெட்டியின் முனையால்
அந்தக் காதை லேசாகச் சுரண்டிப் பார்த்தேன்.
கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது.
தாளின் வெள்ளை தெரிந்தது.
வெளியே நாலரை மணி பஸ்
ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.